கட்டுப்படியாகும் என்று எழுதினேன்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்தபோது, பீங்கான் கம்பெனிக்குத்தான் போகிறேன் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். நான் விவசாயம் படித்தவள். சோளத்திலிருந்து வண்டிக்கு எரிபொருள் எடுக்கும் கம்பெனி என்று சொன்னால், "சோளத்துல ஏது எண்ணெ?" என்று கேட்டார்கள். எண்ணெய் இல்லை, இனிப்புச் சோளம் என்று ஒரு ரகம் இருக்கிறது, அதன் தட்டையைக் கரும்பு மாதிரிப் பிழிந்து, சாற்றைப் பாகாகக் காய்ச்சி வெளியூர் ஆலைக்கு அனுப்புவோம், அவர்கள் அதைச் சாராயமாக்கிப் பெட்ரோலில் கலப்பார்கள் என்று விளக்குவேன். சாராயம் என்ற சொல் வந்ததும் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். பேச்சு அதோடு முடிந்துபோகும்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்புதான் காட்டாமணக்கு நட்டால் அதன் கொட்டையிலிருந்து டீசல் எடுக்கலாம், பணம் கொட்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிப் போனார்கள். நட்டவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் நாங்கள் சோளத்தோடு வந்தோம்.

பீங்கானில் ஃப்யூஸ் கேரியர் செய்து மூடிப்போன ஒரு யூனிட்டின் ஷெட்டைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் உடைந்த பீங்கான் குவியல் ஆள் உயரத்துக்கு இருந்தது. முன்னால் பிழியும் மெஷின் ஒன்று, பாகு காய்ச்சும் பெரிய கொப்பரைகள் இரண்டு. இரண்டாவது மெஷின் வருகிறது, வருகிறது என்றார்கள். நான், மேனேஜர், மெஷினுக்கு நான்கு ஆட்கள். அவ்வளவுதான் கம்பெனி. மேனேஜர் சேலத்துப் பக்கம். சர்க்கரை ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். மரியாதையான மனிதர்.

என் வேலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நல்லூர், கருவேப்பிலங்குறிச்சி, அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளைச் சோளம் போடச் சம்மதிக்க வைப்பது. பையில் எப்போதும் ஒரு சர்க்கரை மீட்டர் இருக்கும். பேனாவைவிடச் சற்றுப் பெரிய கருவி. தட்டையை முறுக்கி அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் சர்க்கரை அளவு.

முதல் வருஷம் ஒருவருடைய அரை ஏக்கரில் மாதிரி வயல் போட்டோம். அறுவடை முடிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை தயார் செய்யச் சொன்னார். இந்த வட்டாரத்தில் இனிப்புச் சோளம் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. நான் உழவுச் செலவு, விதை, உரம், வெட்டுக்கூலி, டிராக்டர் வாடகை எல்லாவற்றையும் விசாரித்து எழுதினேன். வரவுப் பக்கத்தில், மாதிரி வயலில் கிடைத்த தட்டையின் எடையைப் போட்டேன். கட்டுப்படியாகவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் கிடைப்பதில் பாதிகூடத் தேறவில்லை.

மேனேஜர் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த எடை வேண்டாம்மா. ஆராய்ச்சிப் பண்ணையில வந்த எடையைப் போடுங்க."

"அது சொட்டுநீர் போட்ட நிலம் சார். இங்க எல்லாம் மானாவாரி. அதுல பாதிதான் நமக்கு வந்துச்சு."

"முதல் வருஷம் அப்படித்தான் வரும். பழகப் பழக நம்ம ஆளுங்களும் அந்த அளவுக்கு வந்துருவாங்க. கட்டாதுன்னு எழுதி அனுப்பினா ரெண்டாவது மெஷின் வராது. மெஷின் வரலைன்னா விவசாயிக்கு எப்படிக் கட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை மிரட்டவில்லை. வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று சொல்லவில்லை. யோசிக்க ஒரு நாள் வேண்டுமென்று நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. அன்று மதியமே உட்கார்ந்து எடையை மாற்றினேன். அந்த ஒரு எண்ணை மாற்றியதும் கீழே எல்லாம் தானாக மாறிவிட்டது. கட்டுப்படியாகும் என்று முடிவெழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதி பயம், பாதி நம்பிக்கை. படித்த படிப்புக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்த பெருமையும் இருந்தது. இப்போது எதைச் சொன்னாலும் சாக்குப் போலத்தான் இருக்கிறது.

அந்த அட்டவணையைத்தான் பிறகு தமிழில் நோட்டீஸாக அடித்தார்கள். அதைத்தான் அடுத்த ஆடி மாதத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கொண்டுபோனேன்.

கருவேப்பிலங்குறிச்சியில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு நான்கு ஏக்கர் கொல்லை, வானம் பார்த்த நிலம். வருஷா வருஷம் மல்லாட்டை போடுவார். எதையும் அவசரப்பட்டுச் செய்கிற மனிதர் இல்லை. கத்திரி நாற்று வாங்கினாலும் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்குவார். ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு, சற்று நேரம் கழித்து அதையே மறுபடி கேட்பார். காட்டாமணக்குக்காரர்கள் வந்தபோது அவர் வாசலில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

நோட்டீஸை அவர் விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார்.

"ஏக்கருக்கு இத்தினி டன்னு வருமாமே. நம்ப கொல்லையிலயா?"

"ஆமா மாமா."

"வெட்டுக்கூலிய யாரு குடுக்கறது?"

"நாமதான் குடுக்கணும். அதையும் சேத்துதான் போட்டிருக்கு, பாருங்க. சோளக் கதிரு நமக்கே. தட்டைய மட்டும் கம்பெனி எடுத்துக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டார். "நம்ப கொல்லையில இத்தினி டன்னு வருமா பாப்பா?"

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி, இத ஒங்க கம்பெனி சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான்தாங்க்கா சொல்றேன்."

மாமா நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே, விதைக்காக எடுத்து வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளை விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார். அவர் சோளம் போடுகிறார் என்று தெரிந்ததும் அதே ஊரில் இன்னும் ஏழு பேர் போட்டார்கள். "அவரே போடுறாருன்னா சும்மா இருக்காது" என்று என்னிடமே சொன்னார்கள். மேனேஜர் என்னைப் பாராட்டினார்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆவணி மழை சரியாகப் பெய்தது. ஐப்பசியில் தட்டை ஆளை மறைக்கும் உயரத்துக்கு நின்றது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் அக்கா கொல்லையில் ஒரு தட்டையை உடைத்துப் பல்லால் உரித்து மென்றாள். "கரும்பு தோத்துது போ" என்று சொல்லிச் சிரித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. ஒழுகும் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. எந்தப் பக்கம் படி வைக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். நான் மீட்டரில் சாறு விட்டுப் பார்த்தேன். பதினாறு. அந்த வட்டாரத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல அளவு அதுதான்.

ஒரு விஷயத்தை நாங்கள் நோட்டீஸில் போட்டிருக்கவில்லை. தட்டையை வெட்டிய அன்றே பிழிந்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் சர்க்கரை இறங்கும், இரண்டு நாளில் புளிக்கும். கரும்பைப் போல வயலில் நிறுத்தியும் வைக்க முடியாது. முற்றியபின் விட்டாலும் இனிப்பு குறைந்துகொண்டே போகும். எல்லோரும் ஒரே மழைக்கு விதைத்தவர்கள். எல்லோருடைய பயிரும் ஒரே பதினைந்து நாளில் முற்றி நின்றது. இரண்டாவது மெஷின் வரவில்லை. இருந்த ஒரு மெஷினுக்கு முழுநாள் கரண்டு கிடையாது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. தொழிற்பேட்டையில் மணிக்கணக்கில் போய்விடும். முழுசாக ஓடினாலே ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் தட்டை தீராது. பதினைந்து நாள் ஓடிவிட்டு மீதி வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கப்போகிற மெஷின் அது. இதையெல்லாம் அறிக்கை எழுதிய அன்று நான் ஏன் கேட்கவில்லை என்று பின்னால் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டேன்.

அதனால் வெட்டுவதற்கு முறை வைத்தோம். கம்பெனி சீட்டு கொடுத்த தேதியில்தான் வெட்ட வேண்டும். யாருக்கு எந்தத் தேதி என்று பட்டியல் போட்டது நான். மாமாவின் பயிர்தான் முதலில் முற்றியிருந்தது. அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் சொந்தக்காரருக்கு முதல் சீட்டு கொடுத்தாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சம். அவரைக் கடைசியாகப் போட்டேன். பத்து நாள் தள்ளிப் போவதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

மாமா சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "கார்த்திக வந்துருமே பாப்பா?"

"அதுக்குள்ள ஆயிடும் மாமா."

கார்த்திகை வந்தது. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. மணிமுத்தாறு கரை தொட்டு ஓடியது. காற்றில் சோளம் முழுக்கப் படுத்துவிட்டது. கதிர் கறுத்துப் பூசணம் பிடித்ததால் தானியமும் போயிற்று. மழை விட்டபின் போய்ப் பார்த்தபோது, மாமா சாய்ந்த தட்டைகளுக்கு நடுவில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் படுத்த பயிரை வெட்ட இரட்டைக் கூலி கேட்டார்கள். டிராக்டர் கொல்லைக்குள் இறங்காது என்று தட்டையைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அக்காவும் சுமந்தாள். நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு கட்டைத் தூக்கப் போனேன். "நீ ஆபீஸுக்குப் போயி மெஷின் ஓடுதான்னு பாருடி, இங்க ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மெஷின் ஓடவில்லை. மழையில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. எங்கள் பக்கம் முழுக்கக் கரண்டு இல்லை. மாமாவின் முதல் இரண்டு டிரெய்லர் தட்டை வந்து ஷெட்டுக்கு முன்னால் நின்றது. அவருக்கு முன்னால் இன்னும் மூன்று பேருடைய வண்டிகள். அன்று முழுக்க நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தட்டைக் குவியலிலிருந்து ஆவி கிளம்பியது. கள்ளுக்கடை போல வாசம் வந்தது.

"ஜெனரேட்டர் போட்டாவது ஓட்டலாமே சார்" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"டீசல் என்ன விலைன்னு தெரியும்ல? அதை ஊத்தி ஓட்டினா, இதுலேர்ந்து எடுக்கப்போற சாராயத்தை விட டீசலுக்கு அதிகமாப் போகும்மா."

நாங்கள் பேசியது வாசலில் நின்ற மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. உள்ளே வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் குரல் உயரவில்லை.

"அப்ப எதுக்குங்க எங்கள இத போடச் சொன்னீங்க?"

மேனேஜர் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினார். சற்றுக் கழித்து, "அளவு பாத்துருங்கம்மா. பன்னிரண்டு இருந்தாலே எடுத்துக்கலாம். கரண்டு வந்ததும் பிழிஞ்சுக்கலாம்" என்றார். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் கம்பெனி வாங்காது. விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் அது இருந்தது.

நான் டிரெய்லரின் நடுவிலிருந்து ஒரு தட்டையை உருவினேன். மேலே இருப்பது வெயிலில் காய்ந்திருக்கும், நடுவில் இருப்பதாவது நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முறுக்கினேன். சொட்டு விழுந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தேன். கோடு கீழே எங்கோ கிடந்தது.

"எவ்ளோ பாப்பா?"

"ஆறு."

டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எவ்ளோ?" என்றார்.

"ஆறு மாமா."

பன்னிரண்டு என்று நான் சொல்லியிருக்கலாம். மேனேஜர் மறுபடி பார்த்திருக்க மாட்டார். எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் இன்றும் இது ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அறிக்கையில் கூசாமல் எண்ணை மாற்றியவள், மாமாவுக்காக ஓர் எண்ணை மாற்ற முடியாமல் உண்மையைச் சொன்னேன். அன்று அது நேர்மை என்றுகூட எனக்குத் தோன்றியது.

தட்டையைத் திருப்பி ஊருக்குக் கொண்டுபோனால் அதற்கும் டிராக்டர் வாடகை. மாமாவும் டிரைவரும் ஷெட்டுக்குப் பின்னால் அந்த உடைந்த பீங்கான் குவியல் மேலேயே எல்லாவற்றையும் தள்ளினார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளி முடித்துவிட்டு அவர் காலைத் தூக்கி அடியில் குத்தியிருந்த ஒரு பீங்கான் சில்லைப் பிடுங்கிப் போட்டார். டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தார். என்னிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.

கொல்லையில் மிச்சமிருந்த தட்டையை அவர் வெட்டவே இல்லை. மற்ற ஏழு பேரில் முதல் சீட்டு வாங்கிய இரண்டு பேருக்கு மட்டும் போட்ட செலவாவது திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவர் ஷெட்டுக்கு வந்து அசிங்கமாகத் திட்டினார். மேனேஜர் உள் அறைக்குப் போய்விட்டார். நான் நின்று வாங்கிக்கொண்டேன். அவராவது திட்டினாரே என்று இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது. விலை ஏறியபோது எங்கள் ஊர்ச் சோளத்தைத் தேடி வந்தவர்களுக்கு இறங்கியதும் அது தேவைப்படவில்லை. மார்கழியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஷெட்டைக் காலி செய்து, திட்டம் ஏன் சரிவரவில்லை என்று ஓர் அறிக்கை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன்.

"விவசாயிகள் உரிய காலத்தில் அறுவடை செய்யாததால்..." என்றார்.

நான் நிறுத்தினேன். "தேதி குடுத்தது நாமதானே சார்."

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற என்ன எழுதறது? எனக்கும் ரெண்டு பொண்ணு. நான் இன்னொரு எடத்துல போய் நிக்கணும். உங்களுக்கும் சர்டிபிகேட் வேணும்."

அடித்தேன். அந்த வரியை முழுசாக அடித்து முடித்தேன்.

தை பிறந்தபோது மாமாவிடம் விதைக்க மல்லாட்டை இல்லை. வாங்கவும் வழியில்லை. சவுக்கு போடுகிற ஒருவர் முன்பணம் கொடுத்து நான்கு ஏக்கரையும் பல வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். சோளத்துக்கு வாங்கிய கடன் அதில் கழிந்தது. அக்கா கொஞ்ச நாள் முந்திரி உடைக்கப் போனாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கறுத்துக் கிடந்ததை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். மாமா பாண்டிச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். பிறகு அக்காவும் அங்கேயே போய்விட்டாள். வீட்டுக்குத் தளம் போடவில்லை. பூட்டிக் கிடக்கிறது.

எனக்கு ஒரு உரக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. யாராவது விவசாயி வந்து, "ஏம்மா, இது போட்டா எவ்ளோ வரும்?" என்று கேட்டால், "முதலாளிய கேளுங்க" என்பேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமா ஒரு நாள் கடைக்கு வந்தார். காக்கிப் பேன்ட், மேலே சாதாரணச் சட்டை. இளைத்திருந்தார். ரேஷன் கார்டைப் பாண்டிக்கு மாற்ற வேண்டும், இங்கே பெயர் நீக்க ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். கடையில் ஆள் இல்லை. இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். எடையை மாற்றி எழுதியது, அவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியது, கடைசி அறிக்கையில் பழியை அவர்கள் மேலேயே போட்டு அடித்தது, எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கத்துவார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும் என்று இருந்தது.

அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"மணி என்னா பாப்பா?" என்றார். "ரெண்டு மணி பஸ்ஸ உட்டா நைட் டூட்டிக்கு லேட்டாயிடும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். பெயர் எழுதினேன். அக்கா பெயரை எழுதினேன். பழைய முகவரி, கருவேப்பிலங்குறிச்சி. புதிய முகவரியை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கட்டடத்தின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அவரால் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சீட்டை வாங்கி நானே பார்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டார். தாலுகா ஆபீஸுக்கு எந்தப் பக்கமாகப் போனால் கிட்டே என்று கேட்டார், சொன்னேன். வெயிலில் இறங்கி நடந்தார்.